நத்தைக்கு வயது ஏற்றியவன்

1

பாலத்தைத் தாண்டிய பிறகுதான் காலைப் பார்த்தேன். ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் போடுகிற வெள்ளை ரப்பர் செருப்போடு வந்துவிட்டிருந்தேன். என் ஷூ அங்கேயே, கதவுக்குப் பின்னால், ஆராய்ச்சி மாணவி காட்டாவின் ஷூவுக்குப் பக்கத்தில் கிடந்தது. திரும்பிப் போனால் கால் மணி நேரம். போகவில்லை. சற்று முன்புதான் காட்டா என்னைப் பார்த்து "போ" என்று சொல்லியிருந்தாள். எனக்குத் தெரிந்த கொஞ்சம் ஹங்கேரியச் சொற்களில் அதுவும் ஒன்று.

தோளில் ஒரு பை, எதற்கும் இருக்கட்டும் என்று காலையிலேயே கட்டி எடுத்து வந்தது. பைக்குள் இரண்டு சட்டை, பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை. இந்த நாட்டில் அந்த அட்டை இருந்தால்தான் நான் ஆள். வேலை போனால் அட்டையும் போகும்.

அன்று ஆயுத பூஜை. காலையில் அதியமான்கோட்டையிலிருந்து என் மனைவி செல்வி படம் அனுப்பியிருந்தாள். சுவரோரம் சாத்திய என் பழைய கடப்பாரை, அதன் பக்கத்தில் மண்வெட்டி, அதன்மேல் மகள் கீர்த்தனாவின் கால்குலேட்டர். மூன்றுக்கும் சந்தனம், குங்குமம். "நீங்களும் கையில இருக்கறதுக்கு ஒரு பொட்டு வெச்சுடுங்க" என்று எழுதியிருந்தாள். கையில் எதுவும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தேன். செங்கல் தொழிற்சாலை இருக்கும் கிராமத்துக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர். அங்கேதான் மாதையன் இருக்கிறான். இந்த நாட்டில் தமிழில் திட்டு வாங்க எனக்கு இருக்கிற ஒரே இடம் அது.

2

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யாரும் நிறுத்தவில்லை, நானாகத்தான் போர்வெல் லாரியில் ஏறினேன். ஆந்திரா, சத்தீஸ்கர், பிறகு பெங்களூரில் கட்டட வேலை, பிறகு துபாய். ஓர் இடத்தில் இரண்டு வருடம் தாண்டினால் எனக்குக் கால் நிற்காது. துபாயில் ஒரு ஏஜென்சி ஹங்கேரிக்கு ஆள் எடுத்தது. அது எங்கே இருக்கிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டேன்.

ஏஜென்சி என்னை ஒரு பல்கலைக்கழகத்துக்குத் துப்புரவு வேலைக்கு அனுப்பியது. அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் காட்டா என்னைப் பார்த்தாள். முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பெண், வயது இருபத்தெட்டு இருக்கும். ஒரு மண்சுவரைச் செதுக்க ஆள் வேண்டும், மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா என்று கையாலேயே வெட்டிக் காட்டிக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீனிடம் நீச்சல் தெரியுமா என்று கேட்பதுபோல இருந்தது.

அந்தச் சுவர் செங்கல் தொழிற்சாலையின் மண்குழியில் இருக்கிறது. நம்மூரில் கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும், மேலே செம்மண், அதன் கீழே சுக்கான், அதற்கும் கீழே பாறை. கடப்பாரை போகப்போகக் கை எரியும். இங்கே பாறையே இல்லை. மூன்று பனை உயரத்துக்கு ஒரே வெளிர்மஞ்சள் மண். தொட்டால் கேழ்வரகு மாவு மாதிரி விரலில் ஒட்டும், ஆனால் செங்குத்தாக வெட்டினால் சரியாமல் சுவர்போல நிற்கும். உள்ளே சுண்ணாம்புக் கட்டிகள் இருக்கின்றன, நம்ம சுக்கான் கல் மாதிரியே. அதைக் கண்டதும் தெரிந்தவனைப் பார்த்ததுபோல இருந்தது.

இது பனியுகத்து மண் என்றாள் காட்டா. வடக்கே பாதி உலகம் பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தபோது, காற்று அள்ளிக்கொண்டு வந்து கொட்டிய தூசு. ஆயிரக்கணக்கான வருடம் கொட்டியது. நடுவில் கொஞ்சம் வெப்பமான காலம் வந்தால் புல் முளைத்து மண் கறுக்கும். பிறகு மறுபடி தூசு. அதனால்தான் சுவரில் மஞ்சளும் பழுப்புமாகப் பட்டை பட்டையாக இருக்கிறது. அந்தத் தூசுக்குள் நத்தைகள் இருந்தன. அரிசி அளவு, சில கேழ்வரகு அளவு. உள்ளே உயிர் இல்லை, ஓடு மட்டும்.

காட்டா நான்கு இடத்தில் ஆணி அடித்து, மேலிருந்து கீழாக ஒன்று முதல் நான்கு வரை எண் போட்ட சிவப்பு நாடா கட்டினாள். ஒவ்வோர் இடத்திலும் மண்ணை வெட்டிப் பையில் நிரப்பினேன். அந்த நத்தைகளின் வயதைக் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய நாலு வருடப் படிப்பு.

மாதையனிடம் சொன்னபோது அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் பாப்பிரெட்டிப்பட்டிக்காரன், என்னைவிடச் சின்னவன், அதே தொழிற்சாலையில் சூளையில் வேலை.

"ஏண்ணா, நத்தைக்கு வயசு பாக்கறதுக்கு ஒரு காலேஜி, அதுல நீ ஒரு ஆபீசரு. எங்கம்மாவைக் கேட்டா என் வயசே தெரியாதுங்குது. ரெட்ட மாடு வித்த வருசம் பொறந்தன்ங்குது. என்னையும் கூட்டிட்டுப் போயி ஒருக்கா பாரு."

3

எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று காட்டாவைக் கேட்டேன். அவள் மேசையில் கிடந்த கையுறைகளை எடுத்து வைத்துக் காட்டினாள். நத்தை ஓட்டுக்குள் அமினோ அமிலம் என்று ஒன்று கொஞ்சம் மாட்டிக்கொண்டிருக்கும். நத்தை உயிரோடு இருக்கிறவரைக்கும் அது எல்லாமே இடது கையுறை மாதிரி. செத்த பிறகு ஒவ்வொன்றாக, மிக மெதுவாக, வலது கையுறையாகத் திரும்பும். எத்தனை திரும்பியிருக்கிறது என்று எண்ணினால் செத்து எவ்வளவு காலமாயிற்று என்று சொல்லலாம். சுவரில் கீழே போகப்போக வலது கை அதிகமாக இருக்க வேண்டும். கீழே இருப்பதுதானே மூத்தது.

எனக்கு அது நன்றாகவே புரிந்தது. புரிந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அடுத்த வாரம் அவள் வேறு ஊருக்கு ஒரு கூட்டத்துக்குப் போனாள். ஒன்று, மூன்று, நான்காம் பைகளை அவளே கழுவி வைத்திருந்தாள். இரண்டாம் பை மட்டும் பாக்கி. சல்லடையில் கழுவி உலர்த்தி வை என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான் சொன்னாள்.

குழாய்த் தண்ணீரில் கழுவினேன். ஓட்டின் சுருளுக்குள் மண் கெட்டியாக அடைத்திருந்தது, வரவில்லை. எனக்கு நத்தை புதிது இல்லை. மழை பெய்து ஏரி நிறைகிற வருடங்களில் நானும் அண்ணனும் கரையோரம் நத்தை பொறுக்கி வருவோம். அம்மா சட்டியில் போட்டு மஞ்சளும் உப்பும் சேர்த்துக் கொதிக்கவிடுவாள். கொதித்தால் சேறும் கறியும் தானாகக் கழன்றுவிடும். மூலத்துக்கு நல்லது என்று பெரியவர்கள் சாப்பிடுவார்கள். எங்களுக்கு மூலம் இல்லை, பசி இருந்தது.

அதனால் அந்த நத்தைகளையும் கொதிக்க வைத்தேன். ஒரு மணி நேரம். மஞ்சள் போடவில்லை. மண் முழுதும் கழன்று, ஓடு பல் மாதிரி வெளுத்துவிட்டது. ஈரம் போக வேண்டுமே என்று மண் காயவைக்கிற மின்னடுப்பில் வைத்தேன். அது எப்போதும் நூற்றைந்து டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும், நான்தான் தினமும் அதில் மண் கிண்ணங்களை வைத்து எடுப்பேன். வெள்ளிக்கிழமை வைத்தேன், திங்கட்கிழமை எடுத்தேன்.

காட்டா வந்து பார்த்துவிட்டு, நான் கழுவியதைவிட உன்னுடையது சுத்தம் என்றாள். எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்தாள்.

4

செப்டம்பரில் கணக்கு வந்தது. காட்டா திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். பிறகு பேராசிரியரைக் கூப்பிட்டாள். அவரும் வந்து நின்றார். நான் துடைப்பத்தோடு நின்றேன். ஒன்று, மூன்று, நான்காம் பைகளின் வயது வரிசையாக ஏறிக்கொண்டே போயிருந்தது. இரண்டாம் பை மட்டும் நான்காம் பையைவிட மூத்ததாக வந்திருந்தது. மேலே இருக்கிற மண் அடியில் இருக்கிற மண்ணைவிட வயதானது என்றது கணக்கு.

எனக்கு அது விநோதமாகவே தோன்றவில்லை. "நானும் அப்படித்தான்" என்றேன் எனக்கு வருகிற ஆங்கிலத்தில்.

இந்தக் கதையை இங்கே குடியிருப்பு அலுவலகத்திலும் நான் சொல்லியிருக்கிறேன். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் சேர்க்கை வயது வர வேண்டுமென்று என் வயதை ஏற்றிப் போட்டார். அண்ணனுக்கு வேறொரு வாத்தியார் குறைத்துப் போட்டிருந்தார். பாஸ்போர்ட்டின்படி நான் என் அண்ணனுக்கு அண்ணன். அலுவலகத்தில் குடும்ப விவரம் கேட்ட அம்மாள் "மூத்தவர் யார்?" என்றாள். அண்ணன் என்றேன். தாளைக் காட்டினாள். மூன்று முறை என்னை அலையவிட்டாள். கடைசியில் நானே மூத்தவன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஊரில் அண்ணனிடம் சொன்னதற்கு, "இனிமே பொங்கலுக்கு நீயே எனக்கு வேட்டி எடுத்துக் குடுறா அண்ணா" என்றான்.

இதைக் கேட்டுக் காட்டா விழுந்து விழுந்து சிரித்தாள். பேராசிரியர் சிரிக்கவில்லை. இரண்டாம் இடத்தில் எப்போதோ மேட்டிலிருந்து பழைய மண் சரிந்து வந்து உட்கார்ந்திருக்கலாம், அதை எழுது என்றார். அவள் எழுதத் தொடங்கினாள். நான்கு வாரம், காலையில் நான் தரை துடைக்க வரும்போதும் எழுதிக்கொண்டிருந்தாள். நடக்காத ஒரு மண்சரிவைப் பற்றி ஒரு முழு அத்தியாயம்.

5

கீர்த்தனா தர்மபுரியில் வேதியியல் படிக்கிறாள், இரண்டாம் வருடம். நான் கடைசியாக ஊரில் முழுசாக இருந்தபோது அவளுக்கு எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவோம். பேசுவோம் என்பது என் கணக்கு.

"சாப்டியாம்மா?"

"ம்."

"காலேஜி எப்படிப் போவுது?"

"போவுதுப்பா."

அவ்வளவுதான். பிறகு போன் செல்வியிடம் போய்விடும். ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிறு, பேச எதுவும் கிடைக்காமல், "அமினோ அமிலம்னா தெரியுமா?" என்று கேட்டுவைத்தேன். போன் திரையில் அவள் முகம் நிமிர்ந்தது. இடது கை வலது கை கதையைச் சொன்னேன். நான் பாதி சொல்வதற்குள் மீதியை அவள் சொன்னாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என் மகள் என்னிடம் இருபது நிமிடம் பேசினாள். நான் போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஆனா ஒண்ணுப்பா, அந்த ஓடு சூடு படாம இருக்கணும். எந்த ரியாக்சனும் சூடு பண்ணா வேகமாப் போவும். பத்தாயிரம் வருசத்துல திரும்பறது அடுப்புல வெச்சா ரெண்டு நாள்லகூடத் திரும்பிடும். அப்புறம் சின்னதெல்லாம் கெழவியாத்தான் காட்டும்."

சுவரில் சாய்த்த போனைக் கையில் எடுத்தேன்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

இருந்தேன். போர்வெல்லில் ஒருமுறை இரும்புக் குழாய் கழன்று என் காதோரமாக விழுந்தது. அன்றைக்கும் இப்படித்தான், சத்தம் கேட்டது, பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. நான்கு வாரமாக அந்தப் பெண் எழுதுகிற மண்சரிவு நான்தான்.

"நீங்க ஏதாச்சும் பண்ணீங்களாப்பா?"

"வேக வெச்சுட்டன்மா."

"நத்தையவா?"

"ஆமா. அப்புறம் அடுப்புல காய வெச்சன்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அய்யோ. அந்த அக்காகிட்ட சொல்லீட்டீங்களா?"

பின்னாலிருந்து செல்வியின் குரல் வந்தது. "என்னாடி அது? என்னாத்தச் சொல்றது? சொன்னா வேலை போயிடாதா?"

"சொல்லலைன்னா அவங்க படிப்பே போயிடும்மா. எவனாச்சும் எனக்கு இப்படிப் பண்ணா நீ சும்மா இருப்பியா?" என்றாள் கீர்த்தனா. பிறகு என்னிடம், "சொல்லிடுங்கப்பா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

மாதையனைக் கூப்பிட்டேன். அவன் வேறு விதமாகச் சொன்னான்.

"வாய மூடிட்டு இருண்ணா. நத்தை செத்து எத்தினியோ காலமாச்சு, அது வந்து சாட்சி சொல்லப் போவுதா? அதுவுமில்லாம அந்தச் சுவரே போவப் போவுது. ஆயுத பூஜைக்கு மறுநாளு அந்தப் பக்கம் மிசின் உட்டு வெட்றாங்க. குளிருக்கு முன்னாடி மண்ணு சேத்தணுமாம்."

அவன் எனக்குத் தைரியம் சொல்வதற்காகத்தான் சொன்னான். ஆனால் சுவர் போனால், நான் கெடுத்த இரண்டாம் இடத்து நத்தைக்குப் பதிலாக எடுக்க வேறு நத்தை கிடையாது.

6

சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நாள் போனேன். மூன்று நாளும் தரையைத் துடைத்துவிட்டு வந்தேன். நான்காம் நாள் செல்வியின் படம் வந்தது, பொட்டு வைத்த கடப்பாரை. அன்றைக்குச் சொன்னேன்.

என் ஆங்கிலம் போதவில்லை. அதனால் செய்து காட்டினேன். பாத்திரத்தை எடுத்தேன், தண்ணீர் ஊற்றினேன், இரண்டாம் எண் போட்ட காலிப் பையை அதன்மேல் பிடித்தேன், பிறகு நடந்து போய் மின்னடுப்பின் கதவைத் திறந்தேன். காட்டா முதலில் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ வேடிக்கை காட்டுகிறேன் என்று. அடுப்புக் கதவைத் திறந்தபோது சிரிப்பு நின்றது.

"எத்தனை டிகிரி?" என்றாள்.

அடுப்பிலிருந்த எண்ணைக் காட்டினேன்.

"எவ்வளவு நேரம்?"

"வெள்ளி முதல் திங்கள்."

அவள் நாற்காலியைத் தேடவில்லை. நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அன்று காலை துடைத்த தரை. உதவித்தொகை வசந்த காலம் வரைதான், அதற்குள் முடிக்க வேண்டும் என்று பலமுறை சொல்லியிருக்கிறாள். நாளைக்குச் சுவரை வெட்டுகிறார்கள் என்பதையும் சொன்னேன். உடனே போனை எடுத்துத் தொழிற்சாலை அலுவலகத்துக்குப் பேசினாள். வெளியாட்கள் குழிக்குள் இறங்கப் புதிதாக அனுமதிக் கடிதம் வேண்டும், மூன்று கையெழுத்து, இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். மிசின் ஓடும்போது தொழிலாளி தவிர யாருக்கும் உள்ளே இடமில்லை என்றார்கள். போனை மடியில் வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தின் எதிர்ச்சுவரைப் பார்த்தாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "போ" என்றாள்.

பேராசிரியர் வழியாக நிர்வாகத்துக்கும், அங்கிருந்து ஏஜென்சிக்கும் தகவல் போயிருக்க வேண்டும். நான் பாலத்தைச் சேர்வதற்குள் ஏஜென்சிக்காரன் கூப்பிட்டுவிட்டான். அங்கே உனக்கு வேலை முடிந்தது, திங்கட்கிழமை ஆபீசுக்கு வா, ஊருக்கு டிக்கெட் பேசலாம் என்றான்.

7

கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ரப்பர் செருப்பில் இரண்டு கொப்புளம். மாதையன் ஷிப்ட் முடிந்து வாசலில் நின்றிருந்தான். முகமெல்லாம் சூளைச் சூட்டில் வெந்து சிவந்திருந்தது. பாஸ்போர்ட்டில் முப்பத்தைந்து வயது, பார்த்தால் ஐம்பது சொல்லலாம். அதை அன்றுதான் கவனித்தேன்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டன்."

"அரிச்சந்திரன் ஊட்டுக்குப் பக்கத்து ஊடா உன்னுது? சரி வா, சோறு இருக்குது."

"சோறு அப்புறம். உங்க போர்மேன் இருக்கறானா?"

மாதையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். ஆனால் கூட்டிக்கொண்டு போனான்.

போர்மேன் யானோஷ் பருத்த ஆள். அங்கேயும் எங்கள் ஏஜென்சி ஆட்கள்தான் வேலை செய்கிறார்கள், எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். சூளையில் இடம் இருக்கிறது, உள்ளே கதகதப்பாக இருக்கலாம், குளிர்காலத்துக்கு நல்லது என்றான். வேண்டாம் என்றேன். சூட்டில் எனக்கு இனி வேலை வேண்டாம். மண்குழியில் மிசினுக்கு முன்னால் நின்று சுவரின் வேரையும் சுக்கான் கட்டியையும் எடுத்துப்போடுகிற ஆள் வேண்டுமா என்று கேட்டேன். அது குளிரிலும் மழையிலும் நிற்கிற வேலை, யாரும் கேட்டு வாங்குவதில்லை. யானோஷ் மாதையனைப் பார்த்து, உன் நண்பனுக்குப் பைத்தியமா என்றான். ஆமாம் என்று தலையாட்டினான் மாதையன், கொஞ்சமும் தயங்காமல்.

ஏஜென்சிக்கு யானோஷே போன் செய்தான். மூன்று நிமிடத்தில் முடிந்தது. டிக்கெட் பேச்சு போயிற்று, அட்டை என்னிடமே தங்கியது. சுவரில் நத்தை ஓடு இருக்கும், அதை எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டேன். "செங்கல்லுக்கு அது கேடு. எவ்வளவு வேண்டுமானாலும் வாரிக்கொண்டு போ" என்றான்.

செல்வியிடம் சொன்னேன். "மறுபடியும் மண்ணு வெட்டவா?" என்றாள். பிறகு, "நாளைக்கு விஜயதசமிங்க. எது தொடங்குனாலும் நல்லாத்தான் வரும்" என்றாள். கீர்த்தனா போனை வாங்கி ஒன்றே ஒன்று சொன்னாள். "கையால எடுங்கப்பா. பச்சத் தண்ணி. வேற ஒண்ணும் பண்ணாதீங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்கு ரப்பர் பூட்சும் மண்வெட்டியும் கொடுத்தார்கள். மண்வெட்டிக்குப் பொட்டு வைக்கக் குங்குமம் இல்லை. ஈர மண்ணைத் தொட்டு வைத்தேன். சுவரில் சிவப்பு நாடாக்கள் அப்படியே இருந்தன. மிசின் ஓட்டுகிறவன் எந்தப் பக்கமிருந்து தொடங்கலாம் என்று கையாட்டிக் கேட்டான். மறுகோடியைக் காட்டினேன். அவனுக்கு எல்லாம் ஒன்றுதான், திருப்பிக்கொண்டு போனான்.

இரண்டாம் எண் ஆணியைப் பிடித்துக்கொண்டு, மேல் மண்ணை ஒரு கை ஆழத்துக்குச் செதுக்கித் தள்ளினேன், காட்டா சொல்லிக்கொடுத்தபடியே. வெயில் படாத புது மண் தெரிந்தது. அதில் வெள்ளை வெள்ளையாக, கேழ்வரகு அளவில். எண் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக் காட்டாவுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. பையை நிரப்பி வாயைக் கட்டினேன்.

ஒன்பது மணிக்குக் குழியின் விளிம்பில் வெயில் இறங்கியது. நல்ல வெயில். மாதையன் கொடுத்தனுப்பிய சோற்று டப்பா சில்லிட்டுக் கிடந்தது. டப்பாவை வெயிலில் வைத்தேன். பையை எடுத்துச் சுவரின் நிழலில், என் சட்டையைப் போர்த்தி வைத்துவிட்டு, மறுபடி மண்வெட்டியை எடுத்தேன்.